பெண்கள் ரன்னிங் குழுவும் ரேஸ் சீசனும்: புதுசா வர்றவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

பெசன்ட் நகர் பீச்சுல விடியக்காலைல கூடி ஓடற பெண்கள் குழு நம்மளோடது. செப்டம்பர் வந்தா புதுசா நெறைய பேர் சேருவாங்க, ஜனவரி முதல் வாரத்துல வர்ற சென்னை மாரத்தானுக்கு ட்ரெயினிங் ஆரம்பிக்கிற நேரம் அதான். எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க, அதனால ஒரே எடத்துல எழுதிட்டேன். சிலதுக்கு பதில் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

எனக்கு ஓடவே வராது. ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல கூட உக்காந்துதான் இருப்பேன். சேரலாமா?

தாராளமா. நம்ம குழுவுல பாதிப்பேர் முப்பத்தஞ்சு நாப்பது வயசுக்கு மேலதான் மொதல்ல ஷூவே வாங்கினாங்க. ஒரு நிமிஷம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க, அப்படியே அரை மணி நேரம், வாரத்துல மூணு நாள். ஓடும்போது பக்கத்துல இருக்கறவங்க கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், மூச்சு வாங்கி வார்த்தை உடையுதுன்னா நீங்க வேகமா போறீங்கன்னு அர்த்தம். அவ்ளோதான் மொத மாச பாடம்.

எங்க, எத்தன மணிக்கு?

ஷ்மிட் மெமோரியல் பக்கத்துல, வார நாள்ல 5 மணி, ஞாயித்துக்கிழமை லாங் ரன், அதாவது நீண்ட தூரம் ஓடற அன்னிக்கு 4:30. ஆகஸ்ட் 29ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் நம்ம பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, நடந்தே வர்ற ஜனங்க ரோடு பூரா இருப்பாங்க, அந்த நாள்ல மட்டும் கூடற எடம் மாறும்.

அவ்ளோ சீக்கிரம் எதுக்கு? ஆறு மணிக்கு ஓடினா ஆகாதா?

சென்னைல ஆகாது. நம்ம ஊர் பிரச்சினை வெயில் மட்டும் கெடையாது, காத்துல இருக்கற ஈரமும் சேந்ததுதான். வேர்வை காஞ்சாதான் ஒடம்பு குளிரும், இங்க வேர்வை காயாம வழிஞ்சிக்கிட்டே இருக்கும், ஒடம்பு சூடு எறங்காது, இதயத்துடிப்பு ஏறிக்கிட்டே போகும். பெங்களூர்ல இருக்கற தங்கச்சி அதே தூரத்த உங்களவிட வேகமா ஓடிட்டான்னு மனசு ஒடியாதீங்க, அவ ஓடற காத்து வேற. டிசம்பர் பாதிக்கு மேல நமக்கும் காலம் வரும், மார்கழில கோலம் போட எழுந்திருக்கற நேரத்துல நாம சாந்தோம் தாண்டி ஓடிக்கிட்டு இருப்போம், அந்த ஒரு மாசத்துக்காக மீதி பதினோரு மாசமும் வேர்வை சிந்தலாம்னு நான் நெஜமாவே நெனைக்கறேன்.

இருட்டுல பொம்பளைங்களா ஓடறது பயமா இல்லையா? வீட்ல விடமாட்டேங்கறாங்க.

இந்த பயம் நியாயமானது, அத யாரும் சும்மா தட்டிவிட வேண்டாம். நம்ம குழு ஆரம்பிச்சதே இதுக்காகத்தான், தனியா அஞ்சு மணிக்கு வெளிய வர முடியாத பத்துப்பேர் ஒண்ணா வந்தா வர முடியுதுன்னு தெரிஞ்சது, அப்புறம் நின்னுபோகவே இல்ல. சில விஷயம் கட்டாயம் பண்ணுவோம். யாரும் தனியா இருக்கக்கூடாது, குறைஞ்சது மூணு பேர். காதுல ஹெட்ஃபோன் கெடையாது. பளிச்சுனு தெரியற கலர்ல டிரஸ், ட்ராஃபிக் வர்ற பக்கத்த பாத்து ஓடணும், ஏன்னா பின்னாடி இருந்து வர்ற வண்டிய பாக்க முடியாது. போன்ல போலீஸோட காவல் உதவி ஆப் இருக்கட்டும், அவசர உதவிக்கு 112ம் பெண்கள் உதவிக்கு 181ம் எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கட்டும்.

அப்புறம் ஸ்ட்ராவா, ஓடற தூரத்தையும் வழியையும் பதிவு பண்ற ஆப். அதுல உங்க வீட்டு வாசல்ல இருந்தே மேப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டும், எந்த நாள் எத்தன மணிக்கு எந்த தெருவுல இருந்து கிளம்பறீங்கன்னு முன்ன பின்ன தெரியாதவனுக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்ல. செட்டிங்ஸ்ல போயி ஆரம்பிக்கிற எடத்தையும் முடிக்கிற எடத்தையும் மறைக்கற ஆப்ஷன ஆன் பண்ணுங்க, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் காட்டுங்க. புதுசா சேர்றவங்களுக்கு இத மொத நாளே போன வாங்கி செஞ்சு குடுத்துருவோம்.

நாய் தொரத்தினா ஓடாதீங்க, நின்னுடுங்க, எல்லாரும் சேந்து நடங்க, அதுவே போயிடும். கடிச்சிருச்சுன்னா சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி, கூட ஒருத்தர் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

நான் ரொம்ப ஸ்லோ. என்னால எல்லாரும் காத்திருக்கறது சங்கடமா இருக்கு.

நம்ம குழுவுல எழுதாத சட்டம்னு ஒண்ணு இருக்குன்னா இதுதான்: கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் யாரும் வண்டிய எடுக்கறதில்ல. ஒவ்வொரு லாங் ரன்லயும் ஒருத்தர் கடைசி ஆளோட கூடவே ஓடுவாங்க, அது வாராவாரம் மாறும், நல்ல வேகமா ஓடறவங்களுக்கும் அந்த முறை வரும், அவங்களுக்கு அன்னிக்கு அதுதான் ஈசி ரன். இத ஒரு தர்மகாரியம்னு நெனைச்சு சங்கடப்படாதீங்க. லாங் ரன்ன மெதுவா ஓடறதுதான் சரியான ட்ரெயினிங், வேகமா ஓடறவங்க பலபேர் அத செய்யாமத்தான் நவம்பர்ல முட்டி வலின்னு உக்காந்துடறாங்க. உங்க கூட ஓடி அவங்களும் காப்பாத்தப்படறாங்க. சங்கடம் போகணும்னா ஒரே வழி, மூணு வாரம் தொடர்ந்து வாங்க. நாலாவது வாரம் உங்களவிட புதுசா ஒருத்தர் வருவாங்க, அவங்க கூட ஓட உங்கள அனுப்புவோம்.

சீசன்னா எப்போ? எந்த ரேஸ்லாம் போவீங்க?

ஜூலைல சென்னைலயே ட்ரீம் ரன்னர்ஸ் ஹாஃப் மாரத்தான் வரும், செயற்கைக் கால் வாங்கிக் குடுக்க நிதி திரட்டற ரேஸ், புது ஆளுங்க 10 கே, அதாவது 10 கிலோமீட்டர், ஓடிப் பாக்க நல்லது. ஆகஸ்ட் கடைசில ஹைதராபாத், மேம்பாலமா ஏத்தி எறக்கி தொடைய பதம் பாத்துடும், நம்ம தட்டையான ஊர்லயே ஓடிப் பழகினவங்களுக்கு அது நல்ல பாடம். டிசம்பர்ல கோயம்புத்தூர், கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கறது, கிளைமேட்டுக்காகவே போகலாம், ட்ரெயின்ல மொத்தமா டிக்கெட் போட்டு புளிசாதம் கட்டிக்கிட்டு போற ட்ரிப் அது. ஜனவரி முதல் வாரம் நம்ம சென்னை மாரத்தான், அதே மாசம் மூணாவது ஞாயிறு மும்பை. மும்பைக்கு போறவங்க அங்க இருக்கற பெடர் ரோடு (Peddar Road) ஏத்தத்துக்கு தயாரா போங்க, கால் ஓய்ஞ்ச நேரத்துல அது வரும். பிப்ரவரில ஆரோவில் மாரத்தான்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், ஹாஃப் 21.1. சென்னைல நடுவுல 20 மைல் ரேஸ் ஒண்ணும் இருக்கு, 32 கிலோமீட்டர் சொச்சம், ஹாஃப் ஓடிட்டு ஃபுல்லுக்கு மனசு வராதவங்களுக்கு அது ரொம்ப நல்ல படி. மொத வருஷம் சேந்தவங்க ஃபுல் ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம், இத நான் கெஞ்சியே கேக்கறேன். 10 கே ஓடுங்க, அடுத்த வருஷம் ஹாஃப், ஒடம்புக்கு அவசரம் புரியாது.

சென்னை மாரத்தானுக்கு ட்ரெயினிங் எப்படி?

ஜனவரில இருந்து பதினாறு வாரம் பின்னாடி எண்ணுங்க, செப்டம்பர் வந்துடும். வாரத்துல நாலு நாள் ஓட்டம், ரெண்டு நாள் ஸ்ட்ரெங்த், அதாவது தசைய பலப்படுத்தற பயிற்சி. நாலுல ஒரு நாள்தான் வேகம், மீதி எல்லாம் பேசிக்கிட்டே ஓடற வேகம். லாங் ரன் தூரம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், நாலாவது வாரம் கொறைச்சு ஒடம்புக்கு ஓய்வு குடுப்போம். ஃபுல் ஓடறவங்க டிசம்பர் நடுவுல 30, 32 கிலோமீட்டர் ஓடியிருக்கணும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் தூரத்த கொறைக்கறது, அதான் டேப்பர். அந்த ரெண்டு வாரம் எல்லாருக்கும் எங்கயாவது வலிக்கற மாதிரியே இருக்கும், காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்ல வாய்ஸ் நோட் வரும், யாராவது ஒரு அக்கா முழிச்சிருந்து பதில் சொல்லுவாங்க.

அதெல்லாம் சரி, அக்டோபர்ல இருந்து மழையாச்சே?

இதுதான் சென்னை ரன்னரோட தலையாய பிரச்சினை. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், அதாவது நம்ம ட்ரெயினிங்ல முக்கியமான வாரம் அத்தனையும் அதுக்குள்ளதான் வருது. 2023 டிசம்பர் மொத வாரம் மிக்ஜாம் புயல், ஊர்ல பாதி தண்ணிக்குள்ள, ரேஸ் 2024 ஜனவரி 6. நடுவுல ஒரே மாசம். அந்த மாதிரி நேரத்துல ட்ரெயினிங் பிளான தூக்கி ஓரமா வைங்க, மொதல்ல யார் வீட்ல கரண்ட் இல்ல, யாருக்கு பால் வேணும், யார் வீட்டுப் பெரியவங்கள மாடிக்கு ஏத்தணும்னு பாக்கணும். விடியக்காலைல ஒண்ணா ஓடினவங்களுக்கு ஒருத்தர் வீடு ஒருத்தருக்கு தெரியும், யார் கூப்பிட்டா உடனே எழுந்து வருவாங்கன்னும் தெரியும். குழுவோட பலம் என்னன்னு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன்.

சாதாரண மழைல ஓடலாம், தொப்பி போட்டுக்கங்க, சாக்ஸ் எக்ஸ்ட்ரா ஒண்ணு. தேங்கின தண்ணில மட்டும் ஓடவே கூடாது. கீழ மேன்ஹோல் மூடி இருக்கா தெரியாது, கரண்ட் ஒயர் கெடக்கலாம், எலிக்காய்ச்சல் வர்றதும் அந்த தண்ணிலதான். இடி மின்னல்னா அன்னிக்கு லீவு. அபார்ட்மென்ட் படிக்கட்டு ஏறி எறங்கறது, வீட்லயே ஸ்குவாட், பிளாங்க், அதையும் வீடியோ கால் போட்டு ஒண்ணாவே பண்ணுவோம். ரெண்டு லாங் ரன் போயிடுச்சுன்னா அத அடுத்த வாரம் சேத்து ஈடுகட்டப் பாக்காதீங்க, போனது போகட்டும்.

வழில டாய்லெட்டுக்கு என்ன பண்றது?

எல்லாரும் கூச்சப்பட்டு தனியா மெசேஜ் பண்ணி கேக்கற கேள்வி, அதனால இங்க வெளிப்படையாவே எழுதறேன். காலைல அஞ்சு மணிக்கு பொதுக் கழிப்பறை பாதி பூட்டியிருக்கும், ஆம்பளைங்களுக்கு இது ஒரு பிரச்சினையாவே தோணாது, நமக்கு இதனாலயே தண்ணி குடிக்காம ஓடற பழக்கம் வந்துடுது, அது ரொம்ப ஆபத்து. நம்ம குழுவுல ரூட்ல வீடு இருக்கறவங்க ஒரு லிஸ்ட் வெச்சிருக்கோம், அடையாறு, சாந்தோம், திருவான்மியூர், நீலாங்கரை இப்படி. லாங் ரன் அன்னிக்கு அவங்க வாசல் கேட்டத் தொறந்து வெச்சு வெளி பாத்ரூம்ல லைட் போட்டு வெச்சிருப்பாங்க, சிலர் வீட்ல மாமனாரே மோர் கரைச்சு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. அது இல்லாத எடத்துல பெட்ரோல் பங்க், கூச்சப்படாம கேளுங்க. ரேஸ்ல டாய்லெட் எங்க எங்கன்னு ரூட் மேப்ல முன்னாடியே பாத்து வைங்க, ஸ்டார்ட்ல கியூ ரொம்ப நீளமா இருக்கும், முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

ரேஸ் அன்னிக்கு பீரியட்ஸ் வந்துட்டா?

ஓடலாம், ஒடம்பு ஒத்துழைச்சா. பேட் வெச்சு நீண்ட தூரம் ஓடினா தொடைல ஒரசி புண்ணாகும், மென்ஸ்ட்ருவல் கப் பழகினவங்களுக்கு பிரச்சினை கொறைவு, ஆனா கப்ப ரேஸ் அன்னிக்கு மொதமொதல்ல முயற்சி பண்ணாதீங்க. வாசலைன் இல்லன்னா தேங்காய் எண்ணெய் தாராளமா தடவுங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டு வெயில்ல மணிக்கணக்கா ஓடறது வேண்டாம், ஐபுப்ரோஃபென் வகையறா ஒடம்புல தண்ணி கொறைஞ்ச நேரத்துல கிட்னிய பாதிக்கும். வலி அதிகம்னா அன்னிக்கு நடந்து முடிங்க, இல்ல எங்க கூட நின்னு ஓடறவங்கள கத்தி உற்சாகப்படுத்துங்க. நம்மள்ல யாரோ ஒருத்தர் இடுப்புப் பைல எப்பவும் பேட் இருக்கும், கேளுங்க போதும்.

"இவ்ளோ ஓடினா கர்ப்பப்பை எறங்கிடும்"னு வீட்ல சொல்றாங்களே?

இந்த பேச்சு நம்ம பாட்டிங்க மட்டும் சொன்னதில்ல, உலகம் பூரா பெண்கள ஓட விடாம வெச்சிருந்த பேச்சு. 1928 ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் 800 மீட்டர் ஓடி முடிச்சு மூச்சு வாங்கினாங்கன்னு அத ஒரு பெரிய விஷயமாக்கி, 1960 வரைக்கும் அந்த ரேஸே கெடையாதுன்னு வெச்சிட்டாங்க. 1967ல பாஸ்டன் மாரத்தான்ல கேத்ரின் ஸ்விட்சர் 261ம் நம்பர் போட்டு ஓடினப்ப நடத்தறவரே ஓடி வந்து நம்பர புடுங்கப் பாத்தாரு. 1972லதான் அங்க பெண்கள் அதிகாரபூர்வமா ஓட முடிஞ்சுது, ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் மாரத்தான் வந்தது 1984ல, ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 செகண்ட்ல ஜெயிச்சாங்க. கர்ப்பப்பை யாருக்கும் கழண்டு விழல.

ஆனா ஒண்ணு. பிரசவமானவங்களுக்கு அடிவயித்து தசை பலவீனமா இருக்கும், அது உண்மை. குறைஞ்சது 12 வாரம் கழிச்சுதான் ஓட்டம், சிசேரியன்னா டாக்டர் சரின்னு சொன்னப்புறம். ஓடும்போது கீழ கனமா இழுக்கற மாதிரி இருந்தாலோ, சிறுநீர் கசிஞ்சாலோ, "புள்ள பெத்தா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, அதுக்குன்னே பிசியோதெரபி இருக்கு, மகப்பேறு டாக்டர்கிட்ட கேளுங்க. குழுவுல இதுக்குப் போயி சரியாகி திரும்ப ஓடறவங்க இருக்காங்க, அவங்க கிட்ட பேச வைக்கறோம்.

நல்லாத்தான் ட்ரெயினிங் பண்றேன், ஆனா எப்பவும் அசதியாவே இருக்கு.

ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, மொதல்ல அதான். 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்ல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. அப்படின்னா லாங் ரன்ல நம்ம பக்கத்துல ஓடற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம். ஹீமோகுளோபின் 12க்கு கீழன்னா கொறைவு, கூடவே ஃபெரிட்டினும் பாக்கச் சொல்லுங்க, ஹீமோகுளோபின் சரியா இருந்தும் சேமிப்பு இரும்பு காலியா இருக்கலாம். இரும்பு மாத்திரைய டாக்டர் சொல்லி சாப்பிடுங்க, சாப்பிட்ட உடனே காபி டீ வேண்டாம், இரும்பு ஒடம்புல சரியா சேராது. ஓட்டம் முடிஞ்ச உடனே ஃபில்டர் காபிங்கறது நம்ம குழு வழக்கம்தான், மாத்திரைய வேற நேரத்துக்கு மாத்திக்கங்க.

என்ன சாப்பிடறது, எவ்ளோ தண்ணி குடிக்கறது?

ஓடறதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழமோ ரெண்டு பேரீச்சம்பழமோ போதும். ஒரு மணி நேரத்துக்கு மேலன்னா நடுவுலயும் ஏதாவது வேணும், எனர்ஜி ஜெல் வாங்கினா வாங்குங்க, இல்லன்னா கடலமிட்டாய், வெல்லம். தண்ணிய வெறுமனே லிட்டர் லிட்டரா குடிக்காதீங்க, சென்னை வேர்வைல உப்பு நெறைய போகுது, வெறும் தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தா ரத்தத்துல சோடியம் எறங்கி தலைசுத்தல் வாந்தின்னு ஆகும், முத்தினா உயிருக்கே ஆபத்து. ஓஆர்எஸ், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், நீர்மோர் எல்லாமே நல்லது. முடிச்சதும் இட்லி, பொங்கல், முட்டை, வயிறு நெறைய சாப்பிடுங்க, ஓடினத பட்டினியால பாழாக்காதீங்க.

டிரஸ், ஷூ?

நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மொதல்ல செலவு பண்ணுங்க, அப்புறம் ஷூ. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். சுடிதார்ல ஓடறவங்க இருக்காங்க, ஹிஜாபோட ஓடறவங்க இருக்காங்க, ஷார்ட்ஸ்ல ஓடறவங்க இருக்காங்க, யார் டிரஸ்ஸ பத்தியும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஷூ 500ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும், புது ஷூவ ரேஸ் அன்னிக்கு போடாதீங்க.

ஞாயித்துக்கிழமை காலைல புள்ளைங்கள யார் பாத்துக்கறது?

மொதல்ல அப்பாக்காரர் பாத்துக்கட்டும், அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா எல்லார் வீட்லயும் அது நடக்காது, தனியா புள்ளைய வளக்கறவங்க இருக்காங்க, ராத்திரி ஷிஃப்ட் போற கணவர் இருக்காரு. அதுக்கு நாங்க ரெண்டு பேட்ச்சா ஓடறோம், மொத பேட்ச் 4:30, ரெண்டாவது 6:30, மொத பேட்ச் அம்மா திரும்பி வந்து ரெண்டாவது பேட்ச் அம்மாவோட புள்ளைய பாத்துப்பாங்க. ரெண்டாவது பேட்ச்சுக்கு வெயில் அதிகம், அதனால வாராவாரம் மாத்திப்போம்.

குழுவுல போட்டி பொறாமை இருக்காதா?

இருக்கும், ஏன் இருக்காது. ஒரே நாள்ல சேந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் 2 மணி நேரத்துக்குள்ள ஹாஃப் முடிச்சு இன்னொருத்தர் 3 மணி நேரத்துல முடிச்சா மனசு ஏதாவது சொல்லும். அத தப்புன்னு சொல்லி அமுக்க வேண்டாம், வேகமா ஓடணும்னு வெறியோட உழைக்கறவங்களையும் குழு கொண்டாடணும், ஏஜ் கேட்டகிரில மெடல் வாங்கினவங்கள கோயில் யானை மாதிரி மாலை போட்டு கூட்டிட்டு வந்திருக்கோம். ஒரு பழக்கம் மட்டும் வெச்சிருக்கோம்: ரேஸ் முடிஞ்சு வர்றவங்க கிட்ட மொத கேள்வி "டைம் என்ன"ன்னு கேக்கக்கூடாது. "எப்படி இருக்கு, ஏதாவது சாப்பிட்டியா"ன்னு கேளுங்க. டைம் சொல்லணும்னு இருக்கறவங்க அவங்களே சொல்லிடுவாங்க. சொல்லாதவங்களுக்கு அன்னிக்கு வேற ஏதோ நடந்திருக்கு.

ரேஸ் அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா ஓடுவோமா?

ஸ்டார்ட் வரைக்கும் ஒண்ணா, அப்புறம் அவங்கவங்க வேகம். சமீப வருஷங்கள்ல ஃபுல் நேப்பியர் பாலத்துல ஆரம்பிக்குது, ஹாஃப் நம்ம எலியட்ஸ் பீச்லயே. பேஸர்ங்க, அதாவது சொன்ன டைம்ல முடிக்க ஒரே வேகத்துல ஓடி வழி காட்டறவங்க, கொடி புடிச்சிட்டு ஓடுவாங்க, அந்த கூட்டத்துக்குத்தான் பஸ்னு பேரு. ஹாஃப் 2:30 பஸ்ல ஏறணும்னா கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 6 செகண்ட். மொத அஞ்சு கிலோமீட்டர் பஸ்ஸுக்கு பின்னாடியே இருங்க, முந்தாதீங்க, ஆறரை மணிக்கு மேல சூரியன் ஏறினதும் ஈசிஆர்ல உங்களுக்கே காரணம் புரியும்.

அடிபட்டுருச்சு, இந்த வருஷம் ஓட முடியாது. குழுவுல இருந்து வெலகிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஓட முடியாம வீட்ல உக்காந்திருக்கும்போதுதான் குழு அதிகமா தேவைப்படும். ஒவ்வொரு ரேஸ்லயும் ஓடறவங்கள உற்சாகப்படுத்த நாம நிக்கற சியர் பாய்ன்ட் ஒண்ணு இருக்கும், ஃபுல் ஓடறவங்க 30 கிலோமீட்டர் தாண்டி ஒடஞ்சுபோற எடத்துல. அங்க நிக்க ஆள் வேணும்: ஐஸ், உப்பு தடவின ஆரஞ்சு, வலிக்கு ஸ்பிரே, தட்டுல கரண்டியால தட்டிக்கிட்டு பேர் சொல்லி கூப்பிட தொண்டை. ஒரு தடவ அங்க நின்னு பாருங்க, முன்ன பின்ன தெரியாத பொண்ணு அழுதுகிட்டே வந்து ஒரு சொளை ஆரஞ்சு வாங்கிட்டு திரும்ப ஓட ஆரம்பிப்பா. பாதில நிறுத்தினவங்க வந்தாலும் அங்கதான் வருவாங்க, அவங்களுக்கு நாற்காலி குடுங்க, அறிவுரை குடுக்காதீங்க. நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தறதுக்கும் தைரியம் வேணும், தலைசுத்தி குளிர் நடுக்கம் வந்தப்புறமும் ஓடறது தைரியத்துல சேராது.

சீசன் முடிஞ்சா குழு கலைஞ்சிடுமா?

பிப்ரவரில ஆரோவில் இருக்கே. டைமிங் சிப் கெடையாது, பரிசு கெடையாது, செம்மண் பாதைல மரத்தடில ஓடறது, ஜனவரில டைமுக்காக உயிர விட்டவங்க அங்க வந்து சிரிச்சிக்கிட்டே ஓடுவாங்க. ஏப்ரல் மே வெயில்ல தூரத்த கொறைச்சு நீச்சல், ஸ்ட்ரெங்த், சிலர் பெங்களூர் 10 கே போவாங்க. ஜூன்ல திரும்ப புது ஆளுங்களுக்கு ஒரு நிமிஷ ஓட்டம் ரெண்டு நிமிஷ நடை.

எங்க வீட்டுக்காரரும் ஓடறாரு, அவரும் வரலாமா?

ஓட வர முடியாது, சென்னைல அவருக்கு வேற நெறைய குழு இருக்கு. சியர் பாய்ன்ட்டுக்கு ஐஸ் பொட்டி தூக்கவும், ஞாயித்துக்கிழமை ரூட்ல தண்ணி வண்டி ஓட்டவும் ஆள் எப்பவும் பத்தாது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள பேர் குடுக்கச் சொல்லுங்க, காலைல 4:15க்கு கேன் நெரப்பணும்.